அத்தியாயம் 6: இளங்குதிரையோடு முதல் ஓராண்டு

குதிரைப் பயிற்றுநராக ஆசைப்பட்டு வருபவர்களில் பெரும்பாலோர் சேணத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைத்தான் வேலை என்று எண்ணுகிறார்கள். ஒரு குதிரைக்கு ஒரு நாளில் அது முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. மிச்ச நேரமெல்லாம் லாயத்தைக் கூட்டுவது, குளம்பைத் தூக்கிப் பார்ப்பது, தீனி அளப்பது, கையில் பிடித்து நடத்துவது என்றே போகும். இளங்குதிரைக்குப் பாதிப் பயிற்சி அந்த மிச்ச நேரத்திலேயே நடந்துவிடுகிறது.

டிரெஸ்ஸாஜ், ஷோ ஜம்பிங், ஈவென்டிங் ஆகிய குதிரையேற்ற விளையாட்டுகள் மூன்றில் குதிரை எதற்குப் போனாலும் முதல் ஓராண்டுப் பாடம் ஒன்றுதான். அதைத்தான் இங்கே வரிசையாகச் சொல்கிறேன். எல்லாப் படிகளுக்கும் ஒரே விதி: ஒரு படி உங்களுக்கும் குதிரைக்கும் சலிப்புத் தட்டும் அளவுக்கு எளிதாகும்வரை அடுத்த படியில் கால் வைக்காதீர்கள். காது அங்குமிங்கும் பறக்காமல், வால் இறுகாமல், வாயை மென்றபடி குதிரை சும்மா நிற்கிறதா? அப்போது மேலே போகலாம்.

முதலில் உங்கள் படிப்பு

ஒன்றும் தெரியாத குதிரையிடம் ஒன்றும் தெரியாத ஆளை விடக் கூடாது. நன்றாகப் பழகிய குதிரைகள் பலவற்றில் ஏறி, உட்காருவதும் கையை அசைக்காமல் வைப்பதும் உடம்பில் ஊறிய பிறகே இளங்குதிரைக்கு வர வேண்டும். அங்கே போய்ச் சேர வழிகள் சில உண்டு.

1. சவாரிப் பள்ளி. சென்னை, பெங்களூர், புனே போன்ற ஊர்களில் உதவியாளராகச் சேரலாம். முதல் சில மாதம் சைஸ் (குதிரைப் பராமரிப்பாளர்) வேலையைச் செய்யச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். குதிரையின் உடம்பைப் படிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது.
2. பந்தய லாயம். கையில் பல குதிரைகள் புழங்கும், பயம் தெளியும். ஆனால் அங்கே கற்கும் சவாரி வேறு. விளையாட்டுக் குதிரைக்கு வரும்போது அதில் சிலவற்றை மறக்க வேண்டியிருக்கும்.
3. ராணுவம். ஜெய்ப்பூரின் 61ஆவது குதிரைப்படையும், மீரட்டை மையமாகக் கொண்ட ரிமவுண்ட் மற்றும் கால்நடை மருத்துவப் படையும் இந்தியக் குதிரை விளையாட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்களைத் தந்தவை.
4. வெளிநாடு. ஜெர்மனியில் இது முறையான தொழிற்கல்வி. ஃபெர்டவிர்ட் என்ற மூன்றாண்டுப் பயிற்சியில் சவாரி, வளர்ப்பு, இனப்பெருக்கம் எனப் பிரிவுகள் உண்டு. லாயத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, தேர்வு எழுத வேண்டும். ஜெர்மன் மொழி தெரியாமல் போவது வீண். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி நடத்தும் படிநிலைத் தேர்வுகள் இருக்கின்றன.

2018 ஆசிய விளையாட்டில் ஈவென்டிங்கில் தனிநபர், அணி என இரண்டு வெள்ளி வென்ற பெங்களூர்க்காரர் ஃபவாத் மிர்சா ஜெர்மனியில் தங்கிப் பயின்றவர். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜில் தனிநபர் வெண்கலம் பெற்ற அனுஷ் அகர்வல்லா பதின்வயதிலேயே ஜெர்மனிக்குப் போனவர். திறமை வளர்ந்ததோடு இன்னொரு லாபமும் உண்டு: நோய்த் தடுப்பு விதிகளால் இந்தியாவிலிருந்து குதிரையை வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோவது பெரும்பாடு. குதிரை ஏற்கெனவே அங்கே இருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

குறிப்பு: எங்கே சேர்வதானாலும் ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள். “இங்கே இளங்குதிரைகளை யார் பழக்குகிறார்கள்? நான் பக்கத்தில் நின்று பார்க்கலாமா?” மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

வயதைக் காகிதத்தில் நம்பாதீர்கள்

இந்தியாவில் தரோபிரெட் எனும் பந்தய இனக் குதிரைகளுக்கு எல்லாம் ஜனவரி 1இல் ஒரு வயது கூடும். மே மாதம் பிறந்த குட்டியும் அடுத்த ஜனவரியில் ஒரு வயதுக் குதிரைதான். ஆகவே காகிதத்தில் மூன்று வயது என்று இருப்பது உண்மையில் இரண்டே முக்கால்கூட ஆகாததாக இருக்கலாம். வாயைத் திறந்து பாருங்கள். முன்பற்களில் நடுவிலுள்ள ஜோடி இரண்டரை வயதிலும், அடுத்த ஜோடி மூன்றரையிலும், ஓரத்து ஜோடி நாலரையிலும் பால்பல் விழுந்து நிலைப்பல்லாக முளைக்கும்.

பல் பார்ப்பதில் இன்னொரு பயனும் உண்டு. இரண்டரைக்கும் நாலுக்கும் இடையில் கடைவாய்ப் பால்பற்களும் விழுகின்றன. ஈறு நோகும். தலையை ஆட்டுகிறது, கடிவாளத்தைத் தள்ளுகிறது என்று நாம் குறை சொல்லும் குதிரைகளில் பலவற்றுக்குப் பல் வலிதான் காரணம். கடைவாய்ப் பல்வரிசைக்கு முன்னால் முளைக்கும் சின்னஞ்சிறு ‘ஓநாய்ப் பல்’ கடிவாள இரும்பில் இடிக்கும். பயிற்சி தொடங்குமுன் கால்நடை மருத்துவரிடம் வாயைக் காட்டி, தேவைப்பட்டால் அதைப் பிடுங்கிவிடுங்கள்.

எலும்பு வளர்ச்சியும் மேலிருந்து கீழ்வரை ஒரே வேகத்தில் முடிவதில்லை. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்ச்சித் தட்டு இரண்டு, இரண்டரை வயதில் மூடிக்கொள்ளும். முதுகெலும்பில் உள்ளவை மூட ஐந்து, ஐந்தரை வயதாகும். நீங்கள் உட்காரப் போவது அந்த முதுகின் மேல்தான். அதற்காக ஐந்து வயதுவரை லாயத்தில் பூட்டி வைப்பதும் தவறு. மேய்ச்சல் வெளியில் ஓடித் திரிந்த குட்டியின் எலும்பே உறுதிப்படும். மூன்றரை வயதுக்குச் சற்று முன்பின்னாக லேசான சவாரி, நாலில் ஒழுங்கான வேலை என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான குதிரைகளுக்குச் சரியாக இருக்கும்.

உச்சத்துக்கு அவசரமே இல்லை. சர்வதேச கிராண்ட் பிரீ டிரெஸ்ஸாஜில் குதிரைக்குக் குறைந்தது 8 வயதாக வேண்டும். ஒலிம்பிக் ஜம்பிங்குக்கு 9. நாலு வயதுக் குதிரையை ஆறு மாதத்தில் ‘முடித்துத் தர’ச் சொல்லும் உரிமையாளரிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.

தொடங்குமுன் பாதுகாப்பு

• தலைக்கவசம் சவாரிக்கு மட்டுமல்ல, கயிற்றில் பிடித்து நடத்தும்போதும் வேண்டும். ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே கீறல் தெரியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.
• கையுறை. சின்னக் குதிகால் வைத்த பூட்ஸ். முதல் ஏற்றங்களுக்கு உடற்கவசம்.
• கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். மடித்துப் பிடியுங்கள். சுற்றிய கயிறு விரலைக் கொண்டுபோய்விடும்.
• கடிவாளத்தோடு சேர்த்துக் குதிரையைக் கட்டவே கூடாது. தலைக்கயிற்றில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.
• குதிரைக்கு நேர் முன்னும் நேர் பின்னும் பார்வை எட்டாது. தோள்பட்டைப் பக்கமாக, குரல் கொடுத்துக்கொண்டே நெருங்குங்கள். கால் பக்கம் வேலை செய்யும்போது மண்டியிடாமல் குனிந்து நில்லுங்கள்.
• தனியாக வேலை செய்யாதீர்கள். கூப்பிடு தூரத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும்.

தினமும் காலையில் வேலைக்கு முன் உடல் வெப்பத்தையும் நாடியையும் குறித்து வையுங்கள். ஓய்வில் வெப்பம் 37.5 முதல் 38.5 செல்சியஸ், நாடி நிமிடத்துக்கு 28 முதல் 44, மூச்சு 8 முதல் 16. இளசுகளுக்குச் சற்று கூடுதலாக இருக்கும். உங்கள் குதிரையின் வழக்கமான எண் தெரிந்தால்தான் வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும்.

தரைப் பயிற்சி

குதிரை கற்பது அழுத்தத்தால் அல்ல, அழுத்தம் விலகும் அந்த நொடியால். இந்த நூலில் கோட்பாடு என்று சொன்னால் இது ஒன்றுதான். கயிற்றை லேசாக இழுக்கிறீர்கள், ஓர் அடி வைக்கிறது, உடனே விடுகிறீர்கள். இரண்டு நொடி தாமதித்தால் அது எதற்காகக் கிடைத்த பரிசு என்று குதிரைக்கு விளங்காது.

1. நிற்பது. நீங்கள் நின்றால் அதுவும் நிற்க வேண்டும். மேலே வந்து மோதினால் பின்னால் ஓர் அடி தள்ளி, மறுபடி நிறுத்துங்கள்.
2. நடப்பது. தோளுக்குப் பக்கத்தில் நீங்கள், கயிறு தொங்கலாக. இடப்பக்கம் பழகியதும் வலப்பக்கமும் செய்யுங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குதிரையின் ஒரு பக்கம் கற்றது மறுபக்கத்துக்குத் தானாகப் போவதில்லை.
3. பின்னால் போவது, பின்பகுதியைப் பக்கவாட்டில் நகர்த்துவது. விரலால் தொட்டாலே நகரும் நிலைக்குக் கொண்டுவாருங்கள்.
4. நாலு குளம்பையும் தருவது. லாடக்காரர் வரும் நாளில் கற்றுக்கொடுக்கலாம் என்று இருக்காதீர்கள். பாவம், உதை அவருக்கு விழும்.
5. உலகத்தைப் பார்ப்பது. பிளாஸ்டிக் தாள், குடை, ஸ்கூட்டர், நாய், மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீர். தூரத்திலிருந்து ஆரம்பித்து, குதிரை பெருமூச்சு விட்ட பிறகு நெருங்குங்கள்.

ஒரு தடவைக்கு 15, 20 நிமிடம் போதும். நன்றாகச் செய்த உடனே நிறுத்துங்கள். ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்ற ஆசையில்தான் நல்ல பாடங்கள் கெட்டுப்போகின்றன.

லஞ்ஜிங்: வட்டத்தில் ஓடவிடுதல்

நடுவில் நீங்கள் நின்று, சுமார் 8 மீட்டர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக நடக்கவும் ஓடவும் விடுவதுதான் லஞ்ஜிங். வட்டத்தின் குறுக்களவு 15 மீட்டருக்குக் குறையக் கூடாது. சின்ன வட்டம் இளம் மூட்டுகளைத் தின்றுவிடும். கயிற்றை மூக்குப் பட்டையில் மாட்டுங்கள், வாயிரும்பில் வேண்டாம்.

1. கயிறு ஒரு பக்கம், சாட்டை ஒரு பக்கம், குதிரை மூன்றாவது பக்கம் என்று ஒரு முக்கோணத்துக்குள் நில்லுங்கள். குதிரையின் தோளுக்கு முன்னால் போய்விட்டால் அது நின்றுவிடும் அல்லது திரும்பிவிடும்.
2. முதல் சில நாள் நடை மட்டும். உதவியாளர் தலைப்பக்கம் நடந்து வரலாம்.
3. குரல் சொற்களை முடிவுசெய்து மாற்றாமல் வையுங்கள். நடைக்கு ஒன்று, டிராட்டுக்கு (சீரான துள்ளோட்டம்) ஒன்று, நிற்க ஒன்று. தமிழோ இந்தியோ, குதிரைக்கு எல்லாம் ஒன்றுதான். லாயத்தில் ஆளுக்கொரு சொல் சொல்வதுதான் அதைக் குழப்பும்.
4. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள்.
5. மொத்தம் 10 முதல் 15 நிமிடம். வாரத்தில் இரண்டு மூன்று நாள்.
6. கேன்டருக்கு (மெதுவான பாய்ச்சல்) அவசரம் வேண்டாம். டிராட்டில் அடி அடியாக ஒரே தாளம் வந்த பிறகு அது தானே வரும்.

சாட்டை சுட்டிக்காட்ட மட்டுமே; அடிக்க அல்ல.

இங்கே நடக்கும் பெரிய தவறு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். துள்ளும் குதிரையை ‘களைக்க வைத்து’ ஏறலாம் என்று அரை மணி, முக்கால் மணி வட்டமடிக்க விடுகிறார்கள். முதல் வாரம் களைக்கும். நாலாவது வாரம் அதே குதிரைக்கு அதே முக்கால் மணி போதாது, ஏனென்றால் நீங்களே அதற்கு மூச்சுப் பயிற்சி கொடுத்துவிட்டீர்கள். மூட்டுகளும் தேய்ந்திருக்கும். துள்ளலுக்கு மருந்து வெளியில் அவிழ்த்துவிடுவதும், தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுவதும்தான்.

கடிவாளம், சேணம்

கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் மூடுவதும் குதிரைக்கு வழக்கம் என்று நம் ஊரில் பழமொழியே இருக்கிறது. அதைப் பொய்யாக்குவது உங்கள் வேலை. வாயோரம், பல் இல்லாத இடைவெளியில் கட்டை விரலை வைத்தால் குதிரை வாயைத் திறக்கும். அப்போது இரும்பை நுழையுங்கள், பல்லில் இடிக்காதீர்கள். முதல் நாட்களில் அதில் கொஞ்சம் வெல்லம் தடவலாம். கயிறு எதுவும் மாட்டாமல் பத்து நிமிடம் மென்றுகொண்டிருக்கட்டும், கூடவே நில்லுங்கள்.

சேணத்தை நேரடியாகப் போடாதீர்கள். வரிசை இது:

1. முதுகில் துணி. எடுத்துப் போட்டு, எடுத்துப் போட்டுப் பழக்குங்கள்.
2. வயிற்றைச் சுற்றி அகலப் பட்டை. முதலில் நழுவாத அளவு இறுக்கம், நாலடி நடை, ஒரு துளை கூட, மறுபடி நடை.
3. பட்டையோடு லஞ்ஜிங், சில நாள்.
4. சேணம், அங்கவடிகள் இல்லாமல். பிறகு மேலே தூக்கிக் கட்டிய அங்கவடிகளோடு. கடைசியில் தொங்கவிட்டு.

எச்சரிக்கை: வாரைப் பாதி இறுக்கிவிட்டுத் தொலைபேசியை எடுக்கப் போகாதீர்கள். சேணம் சரிந்து வயிற்றுக்கடியில் தொங்க, குதிரை மிரண்டு ஓடுவதுதான் இந்தப் படியில் நடக்கக்கூடிய மிக மோசமான விபத்து. அப்படி மிரண்ட குதிரைக்குச் சேணம் என்றாலே வருஷக்கணக்கில் நடுங்கும். இறுக்கத் தொடங்கினால் முடித்துவிட்டே கையை எடுங்கள்.

முதல் ஏற்றம்

இரண்டு பேர் வேண்டும். குதிரையின் தலையைப் பிடிப்பவர் அனுபவசாலியாகவும், ஏறுபவர் எடை குறைந்தவராகவும் இருக்கட்டும். ஏறுபவர், சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்பது வளர்ந்த குதிரைக்கான மேல்வரம்பு. இளசுக்கு அதைவிட நன்றாகவே குறைய வேண்டும். வேலி சூழ்ந்த சின்ன இடம், மெத்தென்ற மணல், காற்று அடிக்காத காலை நேரம், தரைப் பயிற்சி முடிந்த கையோடு.

1. ஏறுமேடையில் நின்று குதிரையின் முதுகுக்கு மேல் உயரமாகத் தெரியுங்கள். தட்டிக்கொடுங்கள். இறங்கிவிடுங்கள்.
2. பக்கத்தில் துள்ளிக் குதியுங்கள். அசையாமல் நின்றால் அடுத்தது.
3. வயிற்றைச் சேணத்தின் மேல் வைத்து, குறுக்காகச் சாய்ந்து தொங்குங்கள். இரண்டு நொடி. இறங்குங்கள். இரு பக்கமும்.
4. அதே நிலையில் உதவியாளர் நாலடி நடத்தட்டும். முதன்முதல் எடையோடு நகரும்போது குதிரை தடுமாறும், பயப்படும். நடத்துபவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.
5. காலைப் பின்பகுதியில் உரசாமல் தூக்கிப் போட்டு, உடம்பைத் தாழ்த்தியபடி உட்காருங்கள். சட்டென்று நிமிராதீர்கள். குதிரையின் பார்வையில் முதுகுக்கு மேலே திடீரென ஒன்று முளைக்கிறது.
6. கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கடிவாளத்தை அல்ல. குதிரை துள்ளினால் வாயில் இழுப்பது உங்களையறியாமல் நடக்கும். அதைத் தடுக்கவே பட்டை.
7. சில அடி நடை, நிறுத்தம், இறங்கல். அன்றைக்கு அவ்வளவுதான்.

இந்த ஏழையும் ஒரே நாளில் செய்துகாட்டும் காணொளிகள் இணையத்தில் ஏராளம். பார்க்க நன்றாக இருக்கும். அந்தக் குதிரை மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறது என்பதை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று நாளுக்குப் பரப்புங்கள்.

அடுத்த மாதங்கள்

வாரம் நாலு நாள் சவாரி, ஒவ்வொரு நாளும் 20 முதல் 30 நிமிடம். நேர்கோடுகளும் பெரிய வளைவுகளும். சாந்தமான மூத்த குதிரை ஒன்றின் பின்னால் வெளியே கூட்டிப்போவது, பயிற்சித் திடலில் நூறு சுற்றுச் சுற்றுவதைவிட நல்லது. ஜெர்மானியப் பயிற்சிமுறையில் ஆறு படிகள் உண்டு. இந்த ஆண்டுக்கு அவற்றில் முதல் மூன்று போதும்: சீரான தாளம், உடல் தளர்வு, கையோடு மென்மையான தொடர்பு. கழுத்தை வளைத்து அழகாகக் காட்ட வேண்டுமென்று கயிற்றால் இழுத்துக் கட்டினால் தாளமும் தளர்வும் போய், வளைந்த கழுத்து மட்டும் மிஞ்சும்.

தரையில் கட்டை போட்டு டிராட்டில் தாண்டவைக்கலாம். பெரிய குதிரைக்கு 1.3 மீட்டர் இடைவெளியில் தொடங்கி, அதன் அடிக்கேற்ப நகர்த்துங்கள். ஒரு கட்டை, பிறகு மூன்று. இரண்டு கட்டை மட்டும் போட்டால் சில குதிரைகள் சேர்த்துத் தாண்டப் பார்க்கும். சின்னக் குறுக்குத் தடையை வருஷக் கடைசியில் வையுங்கள், 50 சென்டிமீட்டர் போதும்.

நேற்றுவரை செய்ததை இன்று மறுக்கிறதா? பிடிவாதம் என்று முடிவுகட்டுமுன் வலி இருக்கிறதா என்று பாருங்கள். முதுகை அழுத்துங்கள், சேணத்தின் அடியில் கைவிட்டுப் பாருங்கள், காலில் சூடு தெரிகிறதா பாருங்கள், வாயைத் திறந்து பாருங்கள்.

வெயிலைப் பற்றி: தமிழ்நாட்டில் கோடையில் காலை ஏழு மணிக்குள் வேலை முடிய வேண்டும். புழுக்கம் மிகுந்த கடலோர ஊர்களில் சில குதிரைகளுக்கு வியர்ப்பதே நின்றுபோகும். வேலைக்குப் பின் உடம்பு காய்ந்து, மூச்சு மட்டும் வேகமாக இருந்தால் அடுத்த நாள் சவாரி கிடையாது; மருத்துவரைக் கூப்பிடுங்கள். சூடேறிய குதிரையின் உடம்பு முழுக்கக் குளிர்ந்த நீரை நிற்காமல் ஊற்றலாம். தசை பிடித்துக்கொள்ளும் என்ற பயம் வேண்டாம்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரை

இந்தியாவில் உங்கள் கைக்கு முதலில் வருவது பெரும்பாலும் பந்தயத்தைவிட்ட தரோபிரெட்டாகத்தான் இருக்கும். அதை ஒன்றும் தெரியாத இளசு என்று நினைக்காதீர்கள். அதற்கு நிறையத் தெரியும், வேறு பாடம் தெரியும். கடிவாளத்தைப் பிடித்து இறுக்கினால் வேகம் கூட்டுவது அதன் பழக்கம். நீங்கள் நிறுத்த நினைத்து இழுப்பீர்கள், அது இன்னும் பாயும். ஏறுமேடையில் நின்று ஏறுவது புதிது, ஏனென்றால் ஜாக்கியைக் காலைத் தூக்கி ஏற்றிவிடுவார்கள், பல நேரம் நடந்துகொண்டிருக்கும்போதே. காலால் இரு பக்கமும் அணைப்பதும் புதிது. தனியே இருந்தும் பழக்கமிருக்காது.

முதல் இரண்டு மூன்று மாதம் சவாரியே வேண்டாம். தானியத்தைப் படிப்படியாகக் குறைத்து, நாள் முழுக்கப் புல் கிடைக்கச் செய்யுங்கள். பந்தய லாயத் தீனியில் வயிற்றுப்புண் சகஜம். லாடத்தை மாற்றுங்கள், தசைநார்களை மருத்துவரிடம் காட்டுங்கள். பிறகு இந்த அத்தியாயத்தின் முதல் படியிலிருந்தே தொடங்குங்கள். சில படிகள் ஒரு நாளில் முடியும். நிற்பதற்கு மட்டும் ஒரு மாதம் ஆகலாம்.

பணமும் ஒப்பந்தமும்

இளங்குதிரை பழக்குவதில் வருமானம் மூன்று வழியாக வரும்: தங்கல், தீனி, பயிற்சி சேர்த்த மாதக் கட்டணம்; பழகிய குதிரையை விற்றுத் தருவதில் தரகு; ஏறக் கற்றுக்கொடுப்பதில் வகுப்புக் கட்டணம். தொடக்கத்தில் மூன்றாவதுதான் சோறு போடும். முதல் குதிரையை ஏற்பதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை:

1. மருத்துவச் செலவு, லாடச் செலவு யாருடையது. அவசரத்தில் உரிமையாளர் கிடைக்காவிட்டால் எவ்வளவு தொகைவரை நீங்களே முடிவெடுக்கலாம்.
2. குதிரைக்குக் காப்பீடு உண்டா, விபத்தானால் பொறுப்பு யாருக்கு.
3. விற்றால் உங்கள் தரகு எத்தனை சதவீதம். வாங்குபவரிடமும் வாங்கினால் இரு தரப்புக்கும் தெரிவித்துவிடுங்கள். ஊர் சின்னது, ஒளித்த தரகு ஒரு வாரத்தில் வெளிவரும்.
4. ‘ஆறு மாதத்தில் போட்டிக்குத் தயார்’ போன்ற வாக்கு எதையும் எழுதாதீர்கள். அதற்குப் பதிலாக மாதாமாதம் குறிப்பேட்டின் நகலும் ஒரு சிறு காணொளியும் தருவதாக எழுதுங்கள்.

அந்தக் குறிப்பேட்டில் தேதி, செய்த வேலை, எத்தனை நிமிடம், எந்தப் பக்கம் இறுக்கம், தீனி, வெப்பம் எல்லாம் அன்றன்றே பதிய வேண்டும். அடுத்த உரிமையாளர் உங்களிடம் குதிரையை ஒப்படைக்கலாமா என்று கேட்டு வரும்போது, கோப்பைகளுக்கு முன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.